ஆளுக்கொரு தப்பு

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் எங்கள் பக்கம் முழுக்க ஒரே பேச்சு. அமெரிக்காக்காரன் மேலே அனுப்பி வைத்த பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று பிடி விட்டுப்போய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது, எங்கே வந்து விழும் என்று அனுப்பினவனுக்கே தெரியாது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நான் அப்போது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். லாரிக்குப் பின்னால் எழுத்து எழுதிப் பிழைப்பவன் என்பதால், யார் எதைப் பேசினாலும் காதில் போட்டு வைத்துக்கொள்வேன். அந்த ஒரு வாரம் கேட்ட மாதிரிப் பேச்சை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மல்லசமுத்திரம் பஸ்ஸில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சொன்னது: "உழுந்தா உழுகட்டும் சாமி. எங்கூட்டு ஓடெல்லாம் எப்பிடியும் மாத்தோணும்." டீக்கடையில் ஒரு விவசாயி: "என்ற கெணத்துல வந்து உழுந்துச்சுன்னா பத்தடி ஆழமாவுது. போர் போடற ரிக்குக்காரனக் கூப்புடற வேல மிச்சம்." சண்டைச் சேவல் வளர்த்தவர் ஒருவர், எப்படியும் எல்லாரும் போகப் போகிறோம் என்று வளர்த்த சேவலை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டார். அது எங்கோ கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது என்று செய்தி வந்த அன்று, அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஊரில் பாதிப் பேர் பயந்தார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். விழுந்தது என்ற செய்தியையே நம்பாதவர் ஒருவர்தான். எங்கள் பேண்டு செட்டின் மாஸ்டர்.

"கடல்ல உழுந்துச்சாமா. கடல்ல போயி எவன் பாத்தான்? உழுவாம இன்னும் மேலதான் நின்னுட்டு நம்மளப் பாத்துட்டிருக்குது" என்றார்.

மாஸ்டருக்குச் சந்தேகம் என்பது உப்பு மாதிரி. எதிலும் கொஞ்சம் போடாமல் இறங்காது. மேட்டூரில் தண்ணீரிலிருந்து கரண்டை உறிஞ்சிக்கொண்டு சக்கையைத்தான் வயலுக்கு விடுகிறார்கள் என்பார். ரேடியோவில் மணி சொல்கிறவன் அரை நிமிஷத்தைத் தன் பங்குக்கு எடுத்து வைத்துக்கொள்கிறான் என்பார். ஆனால் ஊதுகிற விஷயத்தில் அவரைப் போல ஒருவர் சேலம் ஜில்லாவில் கிடையாது. வாலிபத்தில் ஏற்காட்டு எஸ்டேட் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் ஆடுவதற்கு வாசித்த குழுவில் இரண்டாவது டிரம்பட்டாக இருந்தவர். பதினைந்து இருபது பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் ஊதுகிற பெரிய ஜாஸ் குழுக்களின் ரிக்கார்டை அங்கேதான் கேட்டிருக்கிறார். அந்தச் சத்தத்தைத் திருச்செங்கோட்டுக் கல்யாணத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. ஜாஸ் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "நேரா நடந்தா அது பேண்டு. கொஞ்சம் சாஞ்சு நடந்தா ஜாஸு. உழுந்துட்டா ரெண்டும் இல்ல" என்றார். அதை அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் நீங்கலாக எங்கள் செட்டில் பதினாலு பேர். மூன்று பேர் தட்டுகிறவர்கள், மீதிப் பதினொரு பேர் ஊதுகிறவர்கள். எனக்குச் சாக்ஸபோன். அது என்னுடையது அல்ல, மாஸ்டருடையது. யாரிடமும் முறையாகப் படிக்காமல், பட்டறைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். எப்படியோ பிடி கிடைத்துவிட்டது. எனக்கு அது தொண்டை மாதிரி. அது கழுத்தில் தொங்காத அன்று கை எங்கே வைப்பது என்றே தெரியாது.

அந்த வைகாசியில் ஒரு சங்கடம் நடந்திருந்தது. ராசிபுரம் பக்கத்து இன்னொரு பேண்டு செட்காரர்கள், எங்கள் மாஸ்டர் சித்திரையில் புதிதாகப் போட்ட இரண்டு மெட்டில் ஒன்றை ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டார்கள். சரி, போகட்டும் என்றால் அடுத்த மாதம் இன்னொன்று. மெட்டெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டுகிறவர் மாஸ்டர். அவர் நெற்றியிலிருந்து ராசிபுரத்துக்கு யார் கொண்டு போனது?

சந்தேகம் என்மேல் விழுந்தது. விழாமல் எப்படி? நான் பேசுகிறவன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் மூன்று தலைமுறை தெரியாமல் இறங்க மாட்டேன். அந்த செட்டின் சைடு டிரம்காரரோடு டீக்கடையில் நின்று பேசியதை மாஸ்டரே பார்த்திருக்கிறார்.

ஆடி பிறந்ததும் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "சாமி, புதுசா ஒண்ணு போடறேன். பெருசு. ஆவணி மொதக் கல்யாணத்துல எறக்கறோம். பொண்ணூட்டுக்காரங்க அந்த செட்டக் கூப்புட்டிருக்காங்க, மாப்பள ஊட்டுக்கு நாம. அந்த எடத்துல அவனுக இத வாசிச்சு, அது உன்னால போனதுன்னு தெரிஞ்சா, சாக்ஸ அங்கயே கழட்டிக் குடுத்துட்டு பஸ் ஏறிக்கோ."

"நான் சொல்லலீங்க மாஸ்டர்."

"சொன்னன்னு நாஞ் சொன்னனா? தெரிஞ்சான்னுதான சொன்னேன்."

அந்த மெட்டு உண்மையிலேயே பெரிதுதான். வானத்திலிருந்து விழப்போகிறது என்ற புரளியையே அவர் மெட்டாகப் போட்டிருந்தார். முதலில் சைடு டிரம்மின் விளிம்பில் குச்சி மட்டும் தட்டும், ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவைப் போல. பிறகு ஒரே ஒரு கிளாரினெட், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளிடம் சொல்வது மாதிரி ஒரு வரி. அடுத்த கிளாரினெட் அதையே ஒரு படி கூட்டிச் சொல்லும். மூன்றாவது அதற்கு மேலே. டிரம்பட் மூன்றும் ஊருக்கே சொல்லிவிடும். அப்போது குழாயை இழுத்து நீட்டி ஊதுகிற டிராம்போன், கலெக்டர் ஆபீஸ் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வருவதுபோல் நிதானமாக, யாரும் பயப்பட வேண்டாம் என்று வரும். அதைக் கேட்ட பிறகுதான் எல்லோரும் பயப்பட ஆரம்பிப்பார்கள். பதினொரு பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி ஊதி, கடைசியில் அது விழும்.

"என்ற சாக்ஸுக்கு என்னங்க வேல?"

"நீ நடுவுல நின்னுட்டு ரெண்டு பக்கமும் பேசறவன். உன்ற சொபாவந்தான். புதுசா ஒண்ணும் கத்துக்க வேண்டாம்."

ஆடியில் கல்யாணம் கிடையாது. அதனால் எங்களுக்கு அது முழுக்கப் பழகுகிற மாதம். பழகுவதற்கு மாஸ்டர் பிடித்த இடம் மல்லசமுத்திரம் போகிற வழியில் காலியாகக் கிடந்த ஒரு கோழிக்கொட்டகை. ஒரு கூட்டம் கோழியை விற்றுவிட்டு அடுத்த குஞ்சு இறக்குவதற்குள் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மேலே ஓடு, இரண்டு பக்கமும் வெறும் கம்பி வலை.

"ஏனுங்க மாஸ்டர், இங்க ஊதுனா ஒரு மைலுக்குக் கேக்குமேங்க" என்றேன்.

"செவுரே இல்லாத எடத்துல எவன் ஒளிஞ்சு நிப்பான்?" என்றார்.

பக்கத்துக் காட்டில் நிலக்கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒளியவெல்லாம் இல்லை. நேராக நிமிர்ந்து நின்றே கேட்டார்கள்.

விழுகிற இடத்தை மட்டும் மாஸ்டர் எல்லோரையும் சேர்த்து வைத்து வாசிக்க விடவில்லை. அதற்கு முந்தின அடியில் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். அந்த முடிவை ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கொட்டகையின் கடைக்கோடிக்குக் கூட்டிப்போய், வாயால் முனகிச் சொல்லிக்கொடுத்தார். எனக்குச் சொன்னது, எல்லோரையும் விட இரண்டு தட்டுப் பிந்தி எடுத்து, மேலிருந்து கீழே ஒரு சறுக்கு. "இத எவங்கிட்டயும் சொல்லாத. உம் பொண்டாட்டிகிட்டக்கூட" என்றார். இவ்வளவு சந்தேகத்திலும் எனக்கென்று தனியாக ஒன்று கொடுத்திருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மூன்றாவது வாரம் களைவெட்டும் அம்மா ஒருத்தி வலையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் சாமி, தெனமும் அந்த எடத்துலயே நிறுத்திப்போடறீங்க. அதுக்கு மேல என்னாச்சுன்னு தெரியாம எங்களுக்குக் களையே ஓட மாட்டேங்குது" என்றாள்.

மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மிணிக்கு எந்த ஊரு? ராசிபுரமா?" என்றார்.

அந்த மாதம் முழுக்க நான் அவசியத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. தெரியாமல் முனகிவிட்டால்கூடப் போச்சு. டீக்கடைக்காரர் பல் வலியா என்றார். பட்டறையில் வேண்டுதலா என்றார்கள். வெண்ணந்தூர்த் தறிச்சத்தத்தில் வளர்ந்தவள் என் மனைவி. அவளுக்கு வீட்டில் சத்தம் இல்லாவிட்டால் வேலை ஓடாது.

"ஏனுங்க, பேசித் தொலைங்க. ஊடு எழவூடு மாதிரி இருக்குது."

"பேசுனா சாக்ஸு போயிரும்."

"பேசாட்டி நான் போயிருவேன். எது வேணும்னு சொல்லுங்க."

நான் கொஞ்சம் யோசித்துவிட்டேன். யோசித்தது தப்பு. இரண்டு நாள் வெறும் ரசம்தான்.

ஆவணி முதல் முகூர்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. எங்களை ஏற்றிவரக் குழாய் ஏற்றுகிற லாரியை அனுப்பியிருந்தார்கள். மாஸ்டர் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நாங்கள் சிவப்புக் கோட்டும் தொப்பியுமாகப் பின்னால் குழாய்களுக்கு நடுவே.

பாதி வழியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய் தன்னை மறந்து முனகினார். அவர் சேலம் டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், எங்கள் முதல் டிரம்பட். முனகியது விழுகிற இடம்.

"பாய், தப்பா முனகறீங்க" என்றேன். அந்த முடிவைப் பற்றி நான் வாய்விட்டுப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தப்பா? மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததுப்பா. மேலே போய்ப் பட்டுனு அறுத்துடணும்."

"மேல போறதா? கீழ சறுக்கோணுமுங்க."

மடியில் பெரிய பித்தளைக் குழலோடு உட்கார்ந்திருந்த யூபோனியம்காரர் திரும்பி, "ரெண்டுமே இல்ல. ஒரே சொரத்துல நின்னுட்டு அசைய வேண்டாம்னாரு எங்கிட்ட" என்றார். அதற்குள் கிளாரினெட்காரர்கள் நால்வரும் தங்களுக்குள் சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தே நிமிஷத்தில் லாரிக்குள் எல்லாம் வெளிவந்துவிட்டது. பதினொரு பேருக்குப் பதினொரு முடிவு.

பாய்தான் முதலில் பிடித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். "மாட்டுக்குச் சூடு போடற மாதிரி ஆளாளுக்கு ஒரு தப்பைப் போட்டு விட்டிருக்காரு. அந்த செட்டு வாசிக்கும்போது எந்தத் தப்பு வருதோ, அந்த மாட்டைப் பிடிச்சுக்கலாம்."

"அப்ப சரியான முடிவு எது?" என்றார் டிராம்போன்காரர்.

யாருக்கும் தெரியவில்லை. அது மாஸ்டரின் நெற்றிக்குள் இருந்தது. அவரோ கேபினுக்குள் இருந்தார். இறங்கினதும் சொல்வார், அதற்குத்தான் வைத்திருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

லாரி போய் நின்ற இடத்தில் மாப்பிள்ளை ஏற்கெனவே மாலையோடு காரில் உட்கார்ந்திருந்தார். வழியில் ரயில்வே கேட்டு போட்டதில் நேரமாகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். இன்னும் மூன்று நிமிஷத்தில் ஊர்வலம் நகராவிட்டால் ஆறு மணிவரை நகரக்கூடாது. மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்து, "மாஸ்டர், ஊதுங்க, ஊதுங்க" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார். மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். பின்னாலேயே சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

பாய் எங்கள் பக்கம் குனிந்து கத்தினார்: "அவர் சொல்லிக்கொடுத்ததையே வாசிப்போம். தப்பு அவரோடது. ஆனா தைரியமா வாசிக்கணும்."

சைடு டிரம் விளிம்பில் தட்ட ஆரம்பித்தது. முதல் கிளாரினெட் சொன்னது. இரண்டாவது கூட்டிச் சொன்னது. டிரம்பட் ஊரைக் கூட்டியது, டிராம்போன் பயப்பட வேண்டாம் என்றது. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினேன், ஒரு மாதம் பேசாததையெல்லாம் சேர்த்து. எல்லோரும் ஏறினோம். மாஸ்டர் கையை உயர்த்தினார், நிறுத்தச் சொல்லித்தான். நாங்கள் நிறுத்தவில்லை.

விழுந்தது. பாய் மேலே போய் அறுத்தார். யூபோனியம் அசையாமல் நின்றது. கிளாரினெட் நான்கும் நாலு திசையில் ஓடின. எல்லாம் கொட்டி முடிந்ததென்று நினைக்கிற நேரத்தில், இரண்டு தட்டுப் பிந்தி என் சாக்ஸபோன் தனியாகக் கீழே சறுக்கியது, எல்லோரும் ஓடின பிறகு செருப்பைத் தேடி வருகிற ஒருத்தனைப் போல. முடிவு எது என்று தெரியாததால் டிரம்காரர் தட்டிக்கொண்டே இருந்தார். பாய் தன்னுடையதை மறுபடி ஒருமுறை சொன்னார். அதற்கு நான் பதில் சொன்னேன். கிளாரினெட் குறுக்கே விழுந்து மறுத்தது. ஒரு நிமிஷம் இருக்கும். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு வாசித்தோம். யாரும் நேராகவும் நடக்கவில்லை, யாரும் விழவும் இல்லை.

நின்றதும் ரிக் வண்டிப் பையன்கள் விசிலடித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மாஸ்டர், இதுவரைக்கும் கேட்டதில்லீங்க. அந்த உழுகற எடம் இருக்குதுங்களே, அத மட்டும் மறுக்கா ஒருக்கா வாசிங்க."

"வாசிங்க" என்றார் மாஸ்டர், எங்களைப் பார்க்காமல்.

மண்டபம் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை வாசித்தோம். மண்டப வாசலில் பெண் வீட்டார் கூப்பிட்ட அந்த ராசிபுரத்து செட் வரிசையாக நின்றது. நாங்கள் நிறுத்தியதும் அவர்கள் எடுத்தார்கள். விளிம்பில் தட்டுகிற குச்சி. ஒற்றைக் கிளாரினெட். எங்களுடையதையேதான் வாசித்தார்கள், அங்கங்கே ஓட்டை வைத்து. ஆனால் விழுகிற இடம் வந்ததும், கடைசியில் என் சறுக்கு அப்படியே வந்தது.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "கேட்டயா? உன்ற அடையாளம்."

"என்னோடதும் இருந்துச்சு மாஸ்டர்" என்றார் பாய், பின்னாலிருந்து.

"என்றதும்" என்றார் யூபோனியம்.

"எங்க நாலு பேர்த்ததும் இருந்துச்சுங்க." கிளாரினெட்.

மாஸ்டர் விரல் விட்டு எண்ணினார். பத்து விரலும் தீர்ந்து, மறுபடி சுண்டுவிரலுக்கு வந்தார். பதினொன்றும் இருந்தது.

அந்த செட்டின் மாஸ்டர், இவரை விடப் பத்து வயது இளையவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து கும்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்கண்ணா. தெருக்கோடிலிருந்து மூணு தடவ கேட்டமுங்க, கை நிக்கல. அந்தக் கடைசி எடத்துல எத்தன தட்டுன்னு எப்பிடிண்ணா எண்ணறீங்க? நாங்க குத்துமதிப்பாத்தான் அடிச்சோம்." அவரே தொடர்ந்தார். "ஆனா இது ரேடியோவுல வந்ததில்லையேண்ணா. சித்திரையில நீங்க போட்ட ரெண்டும் எனக்குத் தெரியும். சிற்றலையில வெள்ளைக்காரன் ஸ்டேஷன்ல வாரவாரம் விடியக்காலம் வருதே, அதுலதான் நானும் புடிச்சேன். உங்க ஊட்டுல நல்லாக் கேக்குதுங்களா? எங்களுக்கு ஒரே கரகரப்பு."

பாய் சட்டென்று தன் டிரம்பட்டைத் துடைக்க ஆரம்பித்தார். நாங்கள் எல்லோருமே எதையாவது துடைத்தோம். மாஸ்டரின் கை தானாக நெற்றிக்குப் போய், தட்டாமல் கீழே இறங்கியது.

எனக்கு மட்டும் மனது ஆறவில்லை. இப்படியெல்லாம் ஆனாலும், பேச்சு பேச்சுதானே. அந்தச் சறுக்கு கேட்டது எல்லோருக்கும்தான் கேட்டது. கழுத்துப் பட்டையைக் கழற்றி சாக்ஸபோனை இரண்டு கையிலும் எடுத்து நீட்டினேன்.

"என்னது?" என்றார்.

"நீங்கதானுங்க சொன்னீங்க."

வாங்கிக்கொண்டார். பிறகு அந்த செட் நின்ற பக்கம் பார்த்தார். "அவனுக செட்டுல சாக்ஸே இல்லயே. உன்ற சறுக்க எதுல வாசிச்சானுக?"

"கிளாரினெட்லீங்க."

"அதான். சறுக்கி உழுகோணும், எறங்கி நடந்தானுக." பட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டி, சட்டைக்காலர் மடங்கியிருந்ததைச் சரிபண்ணிவிட்டார். "காத்தால முகூர்த்தம் முடிஞ்சதும் இன்னொருக்கா வாசிக்கோணும்னு அந்த ரிக்குக்காரரு கேட்டிருக்காரு. பதினொண்ணும் அப்படியே இருக்கட்டும். எவனும் திருத்தக் கூடாது."

பத்தடி போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு சாமி. நான் மனசுல நெனச்ச மெட்டு அந்த ரேடியோக்காரனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? அத யோசிச்சயா?"

யோசிக்கிறேன் என்றேன். மனைவியிடம் யோசித்த மாதிரி இல்லாமல், இதை உடனே சொல்லிவிட்டேன்.

பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் பாய், அந்தப் பக்கம் அந்த செட்டின் டிரம்காரர். இலை போட்டதிலிருந்து பாயசம் வரை நான் வாயை மூடவில்லை. பரிமாற வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்தக் கொழல எறக்கி வெச்சுட்டுச் சாப்புடுங்க. சாம்பார் சிந்தப் போவுது" என்றார்.

"இருக்கட்டுங்க, நீங்க ஊத்துங்க" என்றேன்.